சம்பந்திக்கு விழுந்த ஓசி அடி

தியாகராய நகர்,
புதன்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. சுந்தரராமன் அவர்களுக்கு, சண்முகசுந்தரம் வணக்கத்தோடு எழுதிக்கொண்டது.

இவ்விடம் நான், என் இல்லாள் ஜெயபாரதி, மகன் ஸ்ரீஹரி, தங்கள் குமாரத்தி நீரஜா ஆகிய நால்வரும் உடம்பைப் பொறுத்தவரை நலம். அவ்விடம் தாங்களும், தங்கள் இல்லத்து அம்மையாரும், அம்மையாரின் இடது முழங்காலும் நலமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். ஜெயபாரதி கொடுத்தனுப்பிய தைலத்தைச் சூடுபண்ணித்தான் தேய்க்கவேண்டுமாம், சொல்லச் சொன்னாள்.

தி. நகரில் இருக்கிற ஒருவன் மந்தைவெளியில் இருக்கிற சம்பந்திக்குத் தபால் எழுதுவது விசித்திரம்தான். மெட்ரோக்காரர்கள் புதிதாக எங்கும் தோண்டாத நாளில் ஆட்டோவில் இருபது நிமிஷம். ஆனால் போன் செய்தால் மணி முழுக்க அடித்து ஓய்கிறது. வாட்ஸ்அப்பில் பதினேழு செய்தி அனுப்பினேன், நீங்கள் படித்ததற்கு அடையாளமே இல்லை. அதில் ஒன்றான காலை வணக்கப் படம் மட்டும் உங்கள் அடுக்குமாடி குரூப்பில் வந்திருந்ததாக நீரஜா சொன்னாள், நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. கோட்டையில் முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கத்துக்கு விதிகள் வரைந்தவர் நீங்கள். தபாலில் வந்த ஒன்றைப் பிரிக்காமல் வைக்க உங்கள் கை விடாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். விஷயம் இதுதான். நீங்கள் எழுந்து போனதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு ஆட்டமில்லாமல் போய்விட்டது. வருகிற ஞாயிறும் நாலு பேர் உட்காரவில்லை என்றால் ஆட்டத்தையே மூடிவிடுவதாக நீரஜா சொல்லிவிட்டாள். அந்த மேஜையை ஸ்ரீஹரி தன் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கேட்கிறான். டேப் வைத்து அளந்தும் விட்டான். நீங்கள் வரவேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம். கோபத்தில் சில விஷயங்கள் மறந்திருக்கலாம் என்று முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் பழைய கோப்பு மாதிரி நினைத்துப் படியுங்கள்.

கல்யாணம் முடிந்த புதிதில் நாம் பேசிக்கொண்ட பேச்சை நினைத்துப் பாருங்கள். நீங்கள் கோட்டை, நான் ஒரு ஜவுளிக்கடையில் முப்பத்துநாலு வருஷம் பட்டுப் பிரிவு சூப்பர்வைசர். உங்கள் வீட்டில் ஒரு வழக்கம், எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பிள்ளைகள் தாங்களாகப் பார்த்துக்கொண்டார்கள், நாம் பந்தலில் பார்த்துக்கொண்டோம். வெயிலைப் பற்றி நீங்கள் ஒரு வாக்கியம் சொல்வீர்கள், மழையைப் பற்றி நான் ஒரு வாக்கியம் சொல்வேன், அப்புறம் இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்ப்போம். இதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நீரஜா ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கட்டம் போட்ட தாளை விரித்து, இருபது முகம் உள்ள பகடையை ஆளுக்கொன்று கொடுத்தாள். அவள் இடத்தையும் ஆபத்தையும் சொல்வாள், நம் ஆள் என்ன செய்கிறான் என்று நாம் சொல்லவேண்டும், நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். நீங்கள் அக்னிவர்மன் என்ற மந்திரவாதி. நான் வேலப்பன், பேருக்கேற்றபடி வேல் பிடித்தவன். ஸ்ரீஹரி திருடன். நீரஜாவோடு கல்லூரியில் படித்த ஜான்சி, பட்டினப்பாக்கத்தில் அம்மாவின் மீன்கடையை இப்போது நடத்துகிறவள், அவள் கோடாலிக்காரி. நமக்குச் சதுரங்கக் காய், பூதங்களுக்கு வறுத்த பட்டாணி. எந்தப் பூதத்தை யார் கொல்கிறார்களோ அந்தப் பட்டாணியை அவர்களே தின்னலாம். முதல் நாள் உங்கள் நெருப்புக்கு மூன்று பட்டாணி செத்தது. நீங்கள் அதை மென்றபோது உங்கள் முகத்தில் வந்த சிரிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை.

இனி விதிக்கு வருகிறேன். யாருடைய முறையோ அவர்தான் நகரலாம், அடிக்கலாம். அதற்கு ஒரே ஒரு விலக்கு. பக்கத்துக் கட்டத்தில் நிற்கிற எதிரி உங்களை விட்டு விலகிப் போனால், உங்கள் முறை வராவிட்டாலும் போகிறவனை ஓர் அடி அடித்துக்கொள்ளலாம். புத்தகத்தில் இதற்கு ரியாக்‌ஷன் என்று ஆரம்பித்து நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. ஜான்சிதான் ஓசி அடி என்று சுருக்கினாள். உங்களுக்கு அதை நீரஜா மூன்று தடவை விளக்கவேண்டி வந்தது, எனக்கு ஒரு தடவையில் புரிந்துவிட்டது. கடையில் ஒரு அம்மா எதுவும் பிடிக்காமல் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினால், அந்த நொடியில் சேல்ஸ்மேன் கடைசியாக ஒரு புடவையை உதறி விரிப்பான். பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். ஆகையால் இந்த விதி எனக்கு ரத்தத்திலேயே இருக்கிறது என்பதைத் தயவுசெய்து கருத்தில் கொள்ளவும்.

மூன்றாவது ஞாயிறு பாலத்துச் சண்டையில் அது வேலையைக் காட்டியது. நாம் நாலு பேரும் பதினாலு பட்டாணியும் ஒரு மரப்பாலத்தில் முட்டிக்கொண்டு நின்றோம். நகர்ந்தால் ஓசி அடி விழும் என்று நாம் நகரவில்லை, அதே காரணத்தால் பட்டாணியும் நகரவில்லை. இரண்டே கால் மணி நேரம் நின்ற இடத்தில் நின்றபடி குத்திக்கொண்டோம். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “ஏன்டி நீரஜா, இது யுத்தமா, இல்லே பந்திக்கு எலை போடறதுக்கு முன்னாடி நிக்கற கூட்டமா?” என்று கேட்டீர்கள். சரி என்று அடுத்த வாரம் ஓசி அடியையே எடுத்துவிட்டுப் பார்த்தோம். பட்டாணிகள் என் வேலப்பனை மாம்பலம் ஸ்டேஷன் தூணைச் சுற்றிக்கொண்டு போவது மாதிரி சுற்றிக்கொண்டு, நேரே போய் உங்களைக் கடித்தன. ஆறு கடி. “சம்பந்தி, நீங்க அப்போ எதுக்குத்தான் முன்னாடி நிக்கறேள்?” என்று கேட்டீர்கள். ஓசி அடி இருந்தால் ஒருவரும் அசைவதில்லை, இல்லாவிட்டால் முன்வரிசைக்காரனுக்கு வேலையே இல்லை. நீரஜா தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது நீங்கள் பையிலிருந்து நீளத்தாளை எடுத்தீர்கள் பாருங்கள், அதை நான் மறக்கமாட்டேன். மூடி கழற்றிய பேனாவோடு ஐந்து நிமிஷம் யோசித்தீர்கள். “தன் முறை முழுவதையும் செலவிட்டு முறையாக விடைபெறும் ஒருவர் மீது ஓசி அடி பிரயோகிக்கப்படலாகாது” என்று ஒரே வரி. புத்தகத்திலும் அதற்குச் சமமாக ஏதோ ஒரு வழி இருக்கிறதாம். அதை நம் வழக்கத்துக்குக் கொண்டுவந்தது நீங்கள்தான். சண்டையிலிருந்து விலக நினைக்கிறவன் எதிரியைப் பார்த்து, “போயிட்டு வரேன்” என்று சொல்லவேண்டும். அதற்கே அவன் முறை முழுவதும் தீர்ந்துவிடும். நம் வீடுகளில் அதற்கு முக்கால் மணி நேரம் ஆகிறது, ஒரு முறை என்ன பிரமாதம் என்று ஜெயபாரதி அடுக்களையிலிருந்து சொன்னாள். ஜான்சி மட்டும், “பேய்கிட்ட போய்ட்டு வரேன்னு சொல்லிக்கினு நிக்கணுமா நைனா? அது, இரு, காப்பி குட்ச்சிட்டுப் போன்னா இன்னா பண்றது?” என்று கேட்டாள். (என்னைத்தான் நைனா என்பாள், உங்களை சார் என்பாள், இதில் எனக்கு வருத்தமில்லை.) ஆனால் அந்த விதி அற்புதமாக வேலை செய்தது. சொல்லிக்கொண்டு போகிறவனுக்கு ஒரு முறை போச்சு, சொல்லாமல் போகிறவனுக்கு ஓர் அடி விழும். எதை விட்டுக்கொடுப்பது என்று ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து யோசித்தோம். சண்டை நகர்ந்தது, பாலத்தைத் தாண்டினோம், ஒரு கோட்டையைப் பிடித்தோம். எனக்கு உங்களைப் பற்றிப் பெருமை வந்தது அன்றைக்குத்தான். கல்யாணத்தன்று கூட வரவில்லை, மன்னிக்கவேண்டும், அன்று எனக்கு மோர்க்குழம்பு வாளி எண்ணிக்கையே தலைக்குமேல் இருந்தது.

அதைக் கெடுத்தவன் நான். ஒப்புக்கொள்கிறேன். ஆட்டத்தில் ஐந்தாம் படி, அதாவது ஐந்தாவது லெவல், ஏறியபோது இரண்டு கட்டம் தாண்டி எட்டுகிற நீளமான வேல் ஒன்று வாங்கினேன். கூடவே, ஒரு சுற்றில் எத்தனை பேர் விலகினாலும் அத்தனை பேருக்கும் ஓசி அடி கொடுக்கலாம் என்ற வித்தையையும் எடுத்துக்கொண்டேன். புத்தகத்தில் இருந்தது, எடுத்தேன். அடுத்த ஞாயிறு என் முறை வருவதற்கு முன்பே பதினோரு பட்டாணி தின்றுவிட்டேன். உங்கள் நெருப்பு மந்திரத்துக்கு எரிக்க ஆளில்லை. ஸ்ரீஹரி போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். “நைனா மட்டும் ஆடிக்கினு கீறாரு, நாங்கோ இன்னா டிக்கெட் வாங்கிக்கினு வேடிக்கை பாக்க வந்தோமா?” என்றாள் ஜான்சி. அன்று வயிறு என்னைச் சும்மா விடவில்லை என்பது வேறு விஷயம். மறுவாரம் நீங்கள் அடுத்த திருத்தத்தோடு வந்தீர்கள்: ஒருவருக்கு ஒரு சுற்றில் ஒரே ஓர் ஓசி அடி. ஓட்டெடுத்தோம், மூன்றுக்கு ஒன்று. நான் பெற்ற பிள்ளையே எனக்கு எதிராகக் கை தூக்கினான். நீங்கள் கை தூக்கும்போது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு முகம் விழுந்துபோனதைப் பார்த்து நீரஜா அதற்கு ஈடாக ‘நிறுத்தும் வேல்’ என்று ஒரு வித்தை தருவதாகச் சொன்னாள். அதாவது என் ஓசி அடி யார்மேல் படுகிறதோ அவர் அந்தக் கட்டத்தைத் தாண்டமுடியாது, நின்றுவிடுவார். நீங்களும், “அது நியாயம், குடுத்துடு” என்றீர்கள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர் வேஷத்தில் வந்த பூதம் ஒன்று நம் நடுவிலிருந்து நழுவியதே, ஞாபகமிருக்கிறதா? எதிரி என்று தெரியாதபோது அவர்மேல் ஓசி அடி உண்டா இல்லையா என்று அரை மணி நேரம் தகராறு. முடிவில் ‘எதிரி’ என்ற சொல்லை அடித்துவிட்டு, ‘யாராயினும்’ என்று உங்கள் கையாலேயே திருத்தினீர்கள். கீழே சுருக்கொப்பமும் தேதியும் போட்டீர்கள். நான் குறை சொல்லவில்லை. அந்தத் தாள் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

அந்த ஞாயிறு. சதுப்பு நிலம், முழங்கால் அளவு தண்ணீர், நடுவில் நின்று பாடுகிற மோகினி. பாட்டில் மயங்கியவர்கள் தங்கள் முறையில் நேராகத் தண்ணீருக்குள் நடக்கவேண்டும், மூன்று முறை நடந்தால் மூழ்கிப்போவார்கள். நாங்கள் மூன்று பேரும் தப்பித்தோம், அக்னிவர்மன் மயங்கினான். உங்கள் வெள்ளை மந்திரிக் காய் என் வேலப்பனை உரசிக்கொண்டு நகர்ந்தது. நீரஜா என்னைப் பார்த்து, “மாமா, அப்பா உங்க பக்கத்துலேர்ந்து விலகிப் போறார். ரியாக்‌ஷன் எடுத்துக்கறேளா?” என்று கேட்டாள். “எடுத்துக்கிடுதேன்” என்றேன். யாராயினும் அடிக்கலாம் என்று விதி இருக்கிறது. அடித்தால் நின்றுவிடுவீர்கள், நின்றால் மூழ்கமாட்டீர்கள். உங்களைக் காப்பாற்றத்தான் அடித்தேன், சம்பந்தி, அது தவிர என் மனசில் ஒன்றும் இல்லை. பகடையை உருட்டினேன். இருபது விழுந்தது. இருபது விழுந்தால் காயம் இரண்டு மடங்கு என்பது உங்களுக்குத் தெரியும். பதினோரு மாதமாக எந்தப் பேய்மேலும் எனக்கு இருபது விழுந்ததே இல்லை. அக்னிவர்மனிடம் மிச்சமிருந்த உயிர்ப் புள்ளி ஒன்பது, நான் கொடுத்த காயம் இருபத்திரண்டு. மோகினியே ஒரு நிமிஷம் பாட்டை நிறுத்திவிட்டாள் என்று நீரஜா சொன்னாள்.

நீங்கள் பகடைகளைச் சுருக்குப்பையில் போட்டீர்கள். கண்ணாடியைக் கூட்டில் வைத்தீர்கள், பிறகு படிக்கட்டுக்கு வேண்டுமே என்று திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டீர்கள். “நான் ஆத்துக்குக் கெளம்பறேன்” என்று நீரஜாவிடம் மட்டும் சொன்னீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் என்னிடம் “போயிட்டு வரேன்” என்று சொல்லாமல் இறங்கிப் போனதில்லை. கேஸ் சிலிண்டர் போடுகிறவர்கூட ஒரு தலையசைப்பாவது கொடுப்பார். ஜெயபாரதி ஓடி வந்து, “ஏங்க, சம்பந்தி சொல்லாம கொள்ளாம போறாங்க, நீங்க பட்டாணியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிய?” என்றாள். உண்மைதான், உட்கார்ந்திருந்தேன். எழுந்து வந்து கையைப் பிடித்திருக்கலாம். கூப்பிட்டு நீங்கள் திரும்பாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஜான்சி வந்த ஆத்திரத்தில் மோகினியை ஒரே வெட்டில் முடித்தாள், எல்லோரும் அடுத்த படி ஏறினோம், ஒருவருக்கும் சந்தோஷம் இல்லை. மோகினிக்கு வைத்திருந்த முந்திரிப்பருப்பை யாரும் தின்னவில்லை.

பிறகு இரண்டு ஞாயிறு. நீரஜா என்னிடம் முகம் கொடுத்துத்தான் பேசுகிறாள், ஆனால் உங்களோடு போனில் பேசவேண்டுமென்றால் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். பெண்ணை இப்படி நடுவில் நிறுத்தியது நம் இரண்டு பேருக்கும் அழகில்லை. மூன்று மணியானால் நான் அந்த மேஜையில் போய் உட்காருகிறேன். போன வாரம் நானே வேலப்பனை எடுத்து நானே ஒரு பட்டாணியோடு சண்டை போட்டேன். அந்தப் பட்டாணி, “போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனதாக நினைத்துக்கொண்டேன். ஜெயபாரதி பார்த்துவிட்டு, டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாள். சம்பந்தி, வேலையிலிருந்து நின்றபின் எனக்கு ஆயிரம் பேர் வணக்கம் சொன்ன கடையும் இல்லை, என்னோடு வாதாட ஆளும் இல்லை. வாரத்தில் மூன்று மணி நேரம் நீங்கள் வாதாடினீர்கள். ஒரு வரிக்காக அரை மணி நேரம் என்னோடு மல்லுக்கு நின்றீர்கள். நீங்கள் வராத ஞாயிறு எனக்கு இன்னொரு திங்கட்கிழமை மாதிரிதான் இருக்கிறது. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது, ஆகையால் எழுதிவிட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் ஜான்சி கடையை எடுத்துவைத்துவிட்டு வந்தாள். நடந்ததை எல்லாம் மறுபடி சொல்லி, ஓசி அடியை எப்படித்தான் சமன் செய்வது என்று கேட்டேன். அவள் பட்டாணியைக் கொறித்துக்கொண்டே, “ஃப்ரெண்டு ஒர்த்தன பேய் புட்ச்சிக்கினு தண்ணிக்குள்ள இஸ்துக்கினு போவுது. நீ வேலாலயா குத்துவ நைனா? எங்க பக்கத்துல ஒர்த்தன் அலைல மாட்டினா கையப் புட்ச்சித்தான் இஸ்துக்கினு வருவோம். எவனும் குத்தி நிறுத்த மாட்டான்” என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாம் ஆறு திருத்தம் போட்டோம், யாரை அடிக்கலாம், எத்தனை தடவை அடிக்கலாம் என்று மட்டுமே பேசினோம். அடிக்காமல் வேறென்ன செய்யலாம் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. ஆகவே அவளும் நானும் சேர்ந்து ஒன்று யோசித்தோம். ஒருவருக்கு ஒரு சுற்றில் ஒரே ஒரு ஓசி, உங்கள் திருத்தப்படியே. அது பக்கத்துக் கட்டத்துக்கு மட்டும்தான் எட்டும். என் நீள வேலின் எட்டலில் நானே ஒரு கட்டம் வெட்டிக்கொள்கிறேன். விலகிப் போகிறவன் எதிரி என்றால் அடிக்கலாம், நம் ஆள் என்றால் அடிக்காமல் கையைப் பிடிக்கலாம். பிடித்தால் அவன் நிற்பான், பிடித்தவனும் அடுத்த முறை நகரமுடியாது, ஏனென்றால் கை அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது. இதை வைத்து நேற்றே ஒரு சண்டை ஆடிப் பார்த்தோம். சதுப்பு நிலம், எட்டுப் பட்டாணி, ஒரு மோகினி. ஒருவரும் நின்ற இடத்தில் வேர் விடவில்லை, ஒருவரும் வண்டுமாதிரிப் பறக்கவும் இல்லை. இருபத்தைந்து நிமிஷத்தில் முடிந்தது. உங்கள் காயையும் வைத்திருந்தோம். அது தண்ணீருக்குப் போனபோது வேலப்பன் கையைப் பிடித்தான். நீரஜா சோபாவில் உட்கார்ந்து வேறு எதையோ படிப்பது மாதிரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, எழுதத்தான் எங்களுக்கு வரவில்லை. ‘கையைப் பிடித்தல்’ என்று போட்டால் நாளைக்கு ஸ்ரீஹரி காலைப் பிடிக்கலாமா என்று கேட்பான். ‘நம் ஆள்’ என்றால் யார் என்று மறுபடி தகராறு வரும். இதை நீங்கள் ஒருவர்தான் ஓட்டையில்லாமல் எழுதமுடியும். அக்னிவர்மனைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். சதுப்பு நிலத்துக்கு அப்பால் ஒரு கிணறு இருக்கிறதாம், அந்தத் தண்ணீரைத் தெளித்தால் எழுந்துவிடுவானாம், ஏதோ ஒரு மந்திரம் மட்டும் மறந்துபோகும், எது என்பதை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று நீரஜா சொல்கிறாள். உடலைச் சுமந்து போகிற வேலை என்னுடையது.

தங்கள் இல்லத்து அம்மையாருக்கு எங்கள் இருவரின் நமஸ்காரம். பிள்ளைகளுக்குத் தங்கள் ஆசியும், என்னைவிட ஒன்பது மாதம் மூத்தவர் என்ற முறையில் எனக்குத் தங்கள் மன்னிப்பும், மேஜைக்கு ஞாயிறு மூன்று மணிக்குத் தங்கள் வரவும் கிடைக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன். எல்லா நலமும் தங்கள் வீட்டில் நிறையட்டும்.

என்றும் தங்கள் அன்புள்ள,
சண்முகசுந்தரம்

பின்குறிப்பு: ஆதாரம் இல்லாமல் எதையும் நீங்கள் ஏற்கமாட்டீர்கள் என்பதால், நிறுத்தும் வேலின் வாசகத்தை அப்படியே நகலெடுத்து இதோடு வைக்கலாம் என்று வேலப்பனின் தாளை எடுத்தேன். அந்த வித்தைக்குப் பக்கத்தில் நீரஜா தன் கையெழுத்தில், ‘ஆறாம் படி முதல்’ என்று எழுதியிருக்கிறாள். நாங்கள் ஆறாம் படி ஏறியது ஜான்சி மோகினியை வெட்டிய பிறகு. அப்போது நீங்கள் கீழே பஸ் ஸ்டாப்பில் நின்றிருப்பீர்கள். ஆக, அக்னிவர்மன் என் பக்கத்திலிருந்து விலகியபோது யாரையும் நிறுத்துகிற வித்தை என்னிடம் கிடையாது. வெறும் வேல்தான். எனக்கு அது மறந்துபோய்விட்டது என்று எழுதத்தான் இந்தப் பின்குறிப்பை ஆரம்பித்தேன், ஆனால் மறக்கவில்லை, சம்பந்தி. எடுத்துக்கிடுதேன் என்று சொன்னபோதே தெரியும். ஓட்டெடுப்புக் கோபம் இருந்தது, நீங்கள் அன்றைக்கு மாதிரியே என்னைப் பார்க்காமல் தாண்டிப் போனீர்கள், கை அரித்தது, அடித்துவிட்டேன். இருபது விழும் என்று மட்டும் நினைக்கவில்லை. மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம், ஆனால் திங்கட்கிழமை என்று எழுதினேனே, அது உண்மை, அதற்காக அப்படியே அனுப்புகிறேன். உறைக்குள் உருண்டுகொண்டிருப்பது உங்கள் பகடைகளில் ஒன்று, சோபாவுக்கு அடியில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை புது விதி எதுவும் வேண்டாம், நீங்கள் எழுதிய பழைய ‘யாராயினும்’ விதியே இருக்கட்டும். கிணற்றுத் தண்ணீர் தெளித்து நீங்கள் எழுந்ததும் வேலப்பனை உங்கள் பக்கத்துக் கட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தி, அங்கிருந்து சொல்லிக்கொள்ளாமல் விலகி நடக்கவைக்கிறேன். அவனிடம் உயிர் பதினாலு இருக்கிறது. அடித்துக்கொள்ளுங்கள்.